கூடவே அக்காவும் ஒரு கோணல் தையலும்

அந்தக் கடை வளாகத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். "கூடவே அக்கா கடை எது?" என்று கேட்டுப் பாருங்கள். வாசலில் நிற்கிற காவலாளியிலிருந்து மாடியில் பல் பிடுங்குகிற டாக்டர் வரைக்கும் கையை நீட்டுவார்கள். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற இடம். ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க ஆணியில் தொங்குகிற பைகள். அவ்வளவுதான் கடை. பை, பெட்டி, ஜிப், வார் எதுவானாலும் அங்கே பழுது பார்த்துக் கொடுக்கப்படும்.

பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் வாயில் தவறாமல் வருகிற வார்த்தை அது. "ஜிப் போட்டாச்சு. கூடவே உள்துணி கிழிஞ்சிருந்துச்சு, மாத்திட்டேன்." "வாரு தைச்சாச்சு. கூடவே பக்கிளையும் தேய்ச்சு விட்டுட்டேன், பாருங்க எப்படி மின்னுதுன்னு." கூடவே செய்ததற்கு ஒரு பைசா கூடுதலாகக் கேட்க மாட்டாள். கை சும்மா இருக்காது, வேறென்ன? அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "பல்லு வலின்னு இவகிட்ட போனா பல்லைப் பிடுங்கிட்டு, கூடவே மூக்கையும் நேராக்கி அனுப்பிடுவா" என்பார். அவள் முறைப்பாள். ஆனால் வந்த விருந்தாளியின் மூக்கை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் முறைப்பாள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருஷம் ஒரு பை கம்பெனியில் வேலை. அதிலும் கடைசி மேஜை. தைத்து வருகிற பைகளைப் புரட்டிப் பார்த்து, ஒரு தையல் கோணியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற மேஜை. அப்படிப் பழகிய கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூடிக்கொள்ளுமா? சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் திரைச்சீலையின் மடிப்பைப் பார்ப்பாள். மகள் பரீட்சைக்குக் கிளம்புகிற அன்று காலையில், காலர் ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று பிரிக்க உட்கார்ந்த புண்ணியவதி அவள். பெண் அழுதுகொண்டே பழைய சட்டையில் ஓடினாள்.

ஒரு தடவை இந்தக் கை அவளை நன்றாக மாட்டிவிட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்மணி தன் அப்பாவின் பெட்டியைக் கொண்டுவந்தாள். சக்கரம் ஒன்று கழன்றிருந்தது. அக்கா சக்கரத்தை மாட்டினாள். கூடவே, பெட்டி மேல் ஒட்டியிருந்து, பாதி உரிந்து அழுக்கேறிக் கிடந்த ஊர்ப்பெயர் லேபிள்களையெல்லாம் வெந்நீர் வைத்துச் சுரண்டி எடுத்து, பெட்டிக்குப் பாலிஷும் போட்டு வைத்தாள். வந்த பெண்மணி பெட்டியைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்து கால் மணி நேரம் அழுதாள். "அப்பா போன ஊரெல்லாம் அதுல ஒட்டியிருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம். அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் கேட்காமல் எதையும் தொடுவதில்லை என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டாள். சத்தியம் எட்டு நாள் தாங்கியது.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மின்சார மீட்டர் பார்க்கிற ஒருவன் அவசரமாக வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பழைய தோல் பை. தோளில் மாட்டுவது இல்லை, கையில் பிடித்துத் தூக்குகிற மாதிரி. ஜிப் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "ஜிப்பு போட்டுக் குடுங்கக்கா. நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன். நாளன்னைக்கு இது இல்லாம வேலைக்குப் போக முடியாது" என்று சொல்லி, தன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, அவளுடையதையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

மறுநாள் காலையில் அக்கா முதல் வேலையாக அந்தப் பையை எடுத்தாள். ஜிப் இருபது நிமிஷத்தில் முடிந்தது. பையைத் திருப்பி வைத்தபோதுதான் கைப்பிடியைப் பார்த்தாள். பழுப்புத் தோல் கைப்பிடியின் அடிப்பக்கத்தை யாரோ சிவப்பு நைலான் நூலால் தைத்திருந்தார்கள். தையலா அது! ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கைப்பிடியை விட்டே இறங்கி ஓடப் பார்த்தது. ஓட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. "எந்த மகராசன் தைச்சான் இதை?" என்று வாய்விட்டே கேட்டாள். அப்புறம் யோசிக்கவே இல்லை. சின்ன பிளேடை எடுத்தாள், நறுக் நறுக்கென்று வெட்டினாள், நூல் துணுக்குகளை ஒரே ஊதாக ஊதித் தள்ளினாள். பழுப்பு மெழுகு நூல் கோத்து, எறும்பு வரிசை போல ஒரு தையல் போட்டாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். மனசு நிறைந்துபோயிற்று.

பதினோரு மணி சுமாருக்குப் போன் அடித்தது.

"அக்கா, மீட்டர் பார்க்கிறவன் பேசுறேன். நேத்து பை குடுத்தேனே."

"சொல்லுங்க தம்பி. ரெடியாயிடும்."

"அவசரத்துல ஒண்ணு சொல்ல மறந்துட்டேங்க்கா. ஜிப்பு மட்டும்தான். கைப்பிடில சிவப்பா ஒரு தையல் இருக்கும், கோணல்மாணலா. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். அதை மட்டும் தொட்றாதீங்க. எங்கம்மா போட்டது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோச்சு அவங்களுக்கு. இடது கையாலேயே தைச்சாங்க. அப்புறம் ரொம்ப நாள் இருக்கல."

அக்காவின் கண்ணுக்கு முன்னால் அந்தக் கைப்பிடி, பளபளவென்று, பழுப்புத் தையலோடு.

"தொடல, தொடல" என்றாள்.

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் மனசு வந்து சேர்ந்தது. அதற்குள் அவன் "ரொம்ப நன்றிக்கா" என்று வைத்துவிட்டான்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி பையைப் பார்த்தாள். பெட்டிக்காரப் பெண்மணி படியில் உட்கார்ந்து அழுதது காதில் கேட்டது. பிரித்தது பழக்க தோஷம் என்று வைத்துக்கொண்டாலும் இந்தப் பொய்யை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். ஒரு ரிங் போனதும் பயந்துபோய்க் கட் பண்ணினாள். மறுபடி அடித்தாள், மறுபடி கட் பண்ணினாள். மூன்றாவது தடவை கட் பண்ணிய கையோடு அவனே கூப்பிட்டுவிட்டான்.

"அக்கா, மிஸ்டு கால் வந்திருக்கே? ஏதாவது பிரச்சினையா?"

"அது... வந்து தம்பி... ஜிப்பை இழுக்கிற ரன்னர் கறுப்பு போடவா, பித்தளை போடவா?"

"எதுனாலும் சரிக்கா. நீங்க பார்த்துச் செய்ங்க."

நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்! தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறவள் அவளுக்குப் பதினைந்து வருஷத் தோழி. எதையும் நாலு வார்த்தையில் முடிக்கிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இப்படி வேர்த்து வழியற?" என்றாள். "சிவப்பு நூலை எடு. கோணலா நாலு தையல் போடு. முடிஞ்சுது."

"அவங்கம்மா தைச்சதுடி அது."

"தெரியுது. நூலுக்கு வாயா இருக்கு, போய் அவன்கிட்ட சொல்ல? அவன் என்ன பூதக்கண்ணாடி வச்சா பார்க்கப் போறான்?"

"உண்மையைச் சொல்லிடவா?"

"சொல்லி? உன் மனசுல இருக்கிற பாரத்தை எடுத்து அவன் தலைல வைப்பே. நீ வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவே. அவன்?"

சொல்வதுதான் யோக்கியம் என்று அக்கா நினைத்திருந்தாள். யோக்கியமும் தன் சௌகரியத்துக்குத்தானோ என்று இப்போது குழம்பினாள். கடைசியில் பயம் எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கமே சாய்ந்தாள். தைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

முதலில் துணுக்குகள் வேண்டும், நிறம் பார்க்க. மிஷினுக்கு அடியில் தவழ்ந்து, தூசிக்குள் விரலை விட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டப்பா மூடியில் சேர்த்தாள். தன்னிடம் இருந்த சிவப்பு நைலான் நூல் ரொம்பப் புதுசாகக் கத்தியது. டீயில் முக்கி எடுத்தாள். கறுப்புப் பாலிஷ் தொட்ட விரலால் உருவினாள். ஜன்னல் பக்கம் போய்ப் பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடித்தாள். கிட்டத்தட்ட ஒன்றுதான். காலையில் தான் போட்ட அழகான தையலைத் தானே பிரித்தாள். அந்த அம்மாவின் பழைய ஓட்டைகள் தோலில் அப்படியே இருந்தன. தோல் மறக்காது. அவளுடைய புது ஓட்டைகளும் நடுவில் இளித்தன. அவற்றை மெழுகு வைத்து அடைத்தாள். அந்த அம்மா போட்டவை பதினேழு.

வலது கையால் நாலு தையல் போட்டதுமே தெரிந்துவிட்டது. சரிப்படாது. ஓட்டை கோணலாக இருந்தும் தையல் ஒழுங்காக வந்து தொலைத்தது. வேண்டுமென்றே தளர்த்தினால் அது நடிப்பு மாதிரி இருந்தது. பிரித்தாள். மணி ஒன்று.

ஒருத்தர் குடையை நீட்டினார், நாளைக்கு வாருங்கள் என்றாள். ஒரு பெண் பள்ளிப் பையோடு வந்தாள், அவளையும் அனுப்பினாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. பிறகு ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வலது கையை மடியில் போட்டாள். இது இல்லை, இது விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள்.

ஊசியில் நூல் கோப்பதற்கே அரை மணி நேரம் ஆனது. ஒற்றைக் கையால் ஊசியை யார் பிடிப்பது, நூலை யார் நீட்டுவது? ஊசியை ஒரு சோப்புக் கட்டியில் குத்தி நிறுத்தினாள். நூல் நுனி பத்துத் தடவை வழுக்கிற்று. கைப்பிடியை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கினாள், அது நழுவி விழுந்தது. ஊசி ஒரு பக்கம் போனால் மறுபக்கம் இழுக்க ஆள் இல்லை. பல்லால் கடித்து இழுத்தாள். விரலில் இரண்டு இடத்தில் ரத்தம். மூன்று தையல் போடுவதற்குள் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. அந்த அம்மா பதினேழு போட்டிருக்கிறாள். எத்தனை நாள் உட்கார்ந்தாளோ. காலையில் தான் கேட்டது ஞாபகம் வந்தது, எந்த மகராசன் தைச்சான் என்று. வெட்கமாக இருந்தது. கம்பெனி மேஜையில் இது வந்திருந்தால் ஒரு நொடி கூட யோசிக்காமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள். முகம் தெரியாத அந்த மனுஷிக்காக அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூட நேரம் இல்லை. மணி மூன்றே கால்.

நாலே முக்காலுக்கு வேலை முடிந்தது. ஜெராக்ஸ்காரி வந்து பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அசல்டி இது! நானே இவ்வளவு நல்லா எடுக்க மாட்டேன்" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மணிக்கு வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்தாள்.

ஐந்து பத்துக்கு அவன் வந்தான். ஜிப்பை ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தான். "வெண்ணெய் மாதிரி போகுதேக்கா!" என்று சிரித்தான். கைப்பிடியைத் திருப்பிச் சிவப்புத் தையலைப் பார்த்தான். பார்வை அதில் ஒரு கணம் நின்று நகர்ந்தது. அக்கா மூச்சை விட்டாள். வழக்கமாக வருகிற வார்த்தை அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தான்.

நின்றான். பையை இடது கைக்கு மாற்றினான், மறுபடி வலது கைக்கு மாற்றினான். விரல்களை விரித்து மூடினான். திரும்பி வந்தான்.

"என்னமோ மாதிரி இருக்குக்கா."

"என்ன தம்பி?"

"தெரியல. பை நம்மளுது மாதிரி இல்ல."

ஜெராக்ஸ்காரி எட்டிப் பார்த்தாள். "புது ஜிப்பு போட்டா அப்படித்தான் தம்பி இருக்கும். கனம் மாறும்ல? ரெண்டு நாள்ல பழகிடும்."

அவன் அவளைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "அப்படியா? இருக்கும்" என்றான். தலையை ஆட்டிவிட்டு நடந்தான். வாசலுக்கு இன்னும் பத்தடி. போகட்டும், போய்விட்டால் முடிந்தது என்று அக்காவின் பயம் சொன்னது. அவன் நடக்கும்போது அந்தக் கை மட்டும் கைப்பிடியைத் தடவித் தடவித் தேடிக்கொண்டே போனதை அவள் பார்த்தாள். இவன் இப்படி எத்தனை நாள் தேடுவான்?

"தம்பி, நில்லுங்க!"

நின்றான்.

"நான் பொய் சொல்லிட்டேன். நீங்க போன் பண்றதுக்கு முன்னாலயே அந்தத் தையலைப் பிரிச்சுட்டேன். இது நான் போட்டது."

டப்பா மூடியை நீட்டினாள். சிவப்புத் துணுக்குகள், தூசியோடு. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். முகம் சுருங்கியது.

"தொடலன்னு சொன்னீங்களேக்கா."

"ஆமா."

"ரெண்டு தடவை சொன்னீங்க."

"ஆமா தம்பி. பயந்துட்டேன்."

"இப்பக் கூடச் சொல்லாம அனுப்பப் பார்த்தீங்க."

அதற்கும் ஆமாம்தான் பதில். தலையை மட்டும் ஆட்டினாள். அவன் படியில் உட்கார்ந்தான். அதே படி.

"குத்தல. அதான்" என்றான், கைப்பிடியைத் தடவிக்கொண்டே. "அம்மாவுக்கு ஒத்தைக் கையால முடிச்சை உள்ள தள்ள முடியல. வெளியவே விட்டுட்டாங்க. பையைத் தூக்கினா உள்ளங்கைல குத்தும். மூணு வருஷமா குத்துது. ஒரு நாள் வெட்டிடறேம்மான்னு கத்திரியை எடுத்தேன். 'இருக்கட்டும்டா, குத்தினாத்தான் பையை எங்கயாவது வச்சுட்டு வர மாட்டே'ன்னாங்க. தெருத் தெருவா நாள் பூரா நடக்கிறேன்க்கா. குத்தும்போதெல்லாம் அவங்க..."

அக்கா கைப்பிடியைப் பார்த்தாள். ஒற்றைக் கை, சோப்புக் கட்டி, பல், ரத்தம் எல்லாம் சரிதான். நூலை முடிக்கிற நேரத்தில் மட்டும், மணியாகிவிட்டதே என்ற பதற்றத்தில், மடியில் கிடந்த வலது கை எழுந்து வந்து முடிச்சை உள்ளே தள்ளிவிட்டது. வாங்குகிறவர் கையில் முடிச்சு படக்கூடாது, அது கம்பெனி முதல் நாளில் சொல்லிக் கொடுத்தது. தள்ளியது அவளுக்கே தெரியாது. காலையில் பிளேடை முதலில் வைத்ததும் முடிச்சில்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

"உங்க கையைக் காட்டுங்க தம்பி."

"வேண்டாங்க்கா. விடுங்க. இனிமே உங்ககிட்ட எதையும் குடுக்க மாட்டேன்."

"குடுக்காதீங்க. இந்த ஒரு தடவை காட்டுங்க."

தயங்கி நீட்டினான். மோதிர விரலுக்குக் கீழே, ஒரு மிளகளவு இடம் காய்த்துக் கறுத்திருந்தது. கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னாள். அந்த இடம் எங்கே படுகிறது என்று பார்த்துச் சாக்குக் கட்டியால் ஒரு புள்ளி வைத்தாள். கடைசித் தையலைப் பிரித்தாள். நூலை வெளியே இழுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டாள். இருபத்தைந்து வருஷத்தில் வெளியே அவள் போட்ட முதல் முடிச்சு. கை கூசியது.

"குத்துதா?"

"இல்ல. அது இன்னும் கீழ."

பிரித்தாள். நகர்த்திப் போட்டாள்.

"இப்ப?"

"படுது. குத்தல."

நுனியைக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டினாள். தீக்குச்சியைக் கிழித்து அந்த நுனியில் காட்டினாள். நைலான் சுருங்கி உருண்டு கெட்டியானது. ஆறும்வரை ஊதிவிட்டு நீட்டினாள். அவன் எழுந்து நின்று பையைத் தூக்கினான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்துதுக்கா" என்றான். சொல்லிவிட்டு, பையைக் கை மாற்றாமலே வாசலுக்கு நடந்தான்.